தோற்றம், மறைவு, மீண்டும் வருகை

ஜூலை 15, திங்கள்

ஷூட்டிங் நேத்தோட முடிஞ்சுது. போஸ்டர் வேலை என் தலையில விழுந்துச்சு. ஏன்டே, டீம்ல வேற யாருக்கும் கை இல்லையான்னு கேட்டேன். "உலகு, உன்னை மாதிரி எழுத்துப் போட இந்தக் காலேஜ்லயே ஆள் கிடையாது"ன்னு ஜெபசிங் ஐஸ் வெச்சான். ஜெபசிங்தான் டைரக்டர். விஸ்காம் மூணாவது வருஷத்துல டீமுக்கு ஒரு குறும்படம் எடுக்கணும், எங்க டீமுக்குப் பேய்ப் படம். பேரு 'கதவு தொறந்துதான் இருக்கு'. செத்துப்போன பொம்பளை ஒருத்தி வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனா தன் பழைய வீட்டுக்கு வந்து செடிக்குத் தண்ணி ஊத்திட்டுப் போறா. புதுசா குடிவந்தவங்க பயந்து சாகுதாங்க. கதை அவ்வளவுதான்.

அந்தப் பேய் எங்கம்மை.

எழுதும்போதே ஒரு மாதிரியா இருக்கு. பேயா நடிக்கவேண்டியது எங்க கிளாஸ் செலின். ஷூட்டிங்குக்கு முந்தின நாள் அவ அப்பா, கல்யாணம் ஆகாத பிள்ளை பேயா நடிச்சா எவன் கட்டுவான்னு ஒரே போடா போட்டுட்டாரு. ஷூட்டிங்கோ எங்க வீட்டுல. கேமரா எல்லாம் வந்து இறங்கியாச்சு. அம்மை பாட்டுக்கு அடுக்களையில இட்லி மாவைப் பாக்கெட் போட்டுக்கிட்டு இருந்தா. அதுதான் எங்க பிழைப்பு, அரைச்சு விக்கது. ஜெபசிங் அவளையே பாத்துக்கிட்டு நின்னான். "அம்மா, ஒரே ஒரு தடவ அந்தக் கதவுல இருந்து இங்கன வரைக்கும் நடந்து வாங்களேன்"னான். அவளும் கையைத் துடைச்சுக்கிட்டு நடந்தா. அப்படி ஒரு நடை.

ஒத்துக்கிட்டா. ஆனா ஒரு கண்டிஷன். "எங்கண்ணனுக்குத் தெரியக்கூடாது. போஸ்டர் கீஸ்டர்னு எம் முகத்தை ஊருக்குள்ள ஒட்டினீங்கன்னா மாவுச் சட்டியைத் தலையில கவுத்திருவேன்"னா.

ஏன்னா பேய்க்குப் பட்டுச்சேலை, தலை நிறைய மல்லியப்பூ, நெத்தியில பெரிய குங்குமப்பொட்டு. அப்பா போய் நாலு வருஷம் ஆகுது. அன்னைக்கிலிருந்து அம்மை நெத்தியில திருநீறு மட்டுந்தான். ஆவுடையப்பன் மாமா, அம்மைக்கு மூத்தவங்க, அம்பாசமுத்திரத்துல இருக்காங்க. எங்க வீட்டுல அவங்க சொன்னாச் சொன்னதுதான்.

ஜூலை 18, வியாழன்

முதல் போஸ்டர் ரெடி. கறுப்புப் பின்னணி, கதவிடுக்குல ஒரு கை, எழுத்துல இருந்து ரத்தம் சொட்டுது. பொற்கொடி மேடம் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பாத்தாங்க. அவங்கதான் எங்க துறைத் தலைவி. "தக்காளிச் சட்னி கொட்டிருச்சா?"ன்னாங்க. கிளாஸே சிரிச்சுது. ஜெபசிங்கும் சிரிச்சான், துரோகி. ரத்தம் வேணும்னு கேட்டதே அவன்தான்.

மேடம் இன்னொண்ணும் சொன்னாங்க. போன வருஷம் குறும்பட விழாவுக்குக் கலையரங்கத்துல பாதி நாற்காலி காலியாம். "ஆளைக் கூட்டுற மாதிரி போஸ்டர் போடு உலகம்மாள். படம் எப்படியோ இருக்கட்டும்." ஆகஸ்ட் ஒம்பது, வெள்ளிக்கிழமை திரையிடல்.

ஜூலை 20, சனி

உளுந்து களைஞ்சேன். கிரைண்டர் கல்லைக் கழட்டிக் கழுவினேன். முதுகு விட்டுப்போச்சு.

போட்டோவுல நான் எப்படி வந்துருக்கேன்னு அம்மை கேட்டா. நல்லா வந்துருக்கன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும், "போஸ்டர்ல என்னட்டி போடப்போற?"ன்னா. கை மட்டும் போடுதேன், நீ பயப்படாதன்னேன். "ஓ"ன்னு சொல்லிட்டு மாவு அள்ளப் போயிட்டா.

கண்ணாடியில ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கு. ஷூட்டிங்ல மிஞ்சினதாம். ஷூட்டிங்ல குங்குமம்தானே வெச்சோம்? என்னமோ போ.

ஜூலை 22, திங்கள்

ரெண்டாவது போஸ்டர். அம்மை போட்டோவையே எடுத்து, முடியை முன்னால இழுத்துவிட்டு முகத்தை முழுசா மறைச்சுட்டேன். பேய்னா முடி முன்னாடிதான் கிடக்கணும், அதுதான் உலக வழக்கம். அம்மைக்குக் கொடுத்த வாக்கையும் காப்பாத்தின மாதிரி ஆச்சு.

மேடம்: "எந்த ஷாம்பு?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு லேப்டாப்பைத் தாமிரபரணியில வீசியிருப்பேன். இன்னும் தவணை முடியலைன்னு விட்டேன்.

ஜூலை 24, புதன்

ஒண்ணும் ஓடலை. மாவு பொங்கி வழிஞ்சு ஃபிரிட்ஜ் நாறிப்போச்சு, அதைத் துடைச்சேன்.

ஜூலை 26, வெள்ளி

ஜெபசிங்கோட சண்டை. கேன்டீன்ல எல்லாரும் பாக்க.

காலியா ஒரு பூவாளி, பக்கத்துல ஈரக் கால்தடம்னு மூணாவது டிசைன் கொண்டுபோயிருந்தேன். எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. அவன் பாத்துட்டு டீயைக் கீழ வெச்சான். "உலகு, இந்தப் படத்துல இருக்கிறதே உங்கம்மா முகந்தான். கேமரா சுமார், லைட்டு சுமார், என் கதையும் சுமார். அந்த முகத்தை ஏன் ஒளிச்சு ஒளிச்சு வைக்கிற?"

"எங்கம்மை வேண்டாம்னு சொல்லியிருக்கா."

"நான் போன வாரம் மாவு வாங்க வந்தேன்லா. அப்ப, போஸ்டர்ல என்னைப் போடுதீங்களா தம்பின்னு கேட்டாங்க. வேண்டாம்னு சொல்றவங்க அப்படியா கேப்பாங்க? நீ எதுக்குப் பயப்படுத, உங்க மாமாவுக்கா, உங்கம்மாவுக்கா?"

உன் வேலை மயித்தைப் பாருலேன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துட்டேன். இவனுக்கு என்ன தெரியும்? இது டிசைன் விஷயம். பேயோட முகம் தெரிஞ்சா பயம் போயிரும். படிச்சவனுக்கு இது கூடத் தெரியாதா?

வீட்டுக்கு வந்தா, ஆடி வெள்ளிக்கு அம்மனுக்குச் சாத்த வாங்கின மல்லியப்பூவுல ஒரு துண்டு, ஈரத்துணியில சுத்தி ஃபிரிட்ஜ்ல இருக்கு. யாருக்கு வெச்சிருக்கன்னு கேட்டேன். மிச்சம் ஆயிட்டு, தூரப் போட மனசில்லைன்னா. மாவு டப்பாவை நகத்தி அந்தப் பூவுக்குத் தனியா இடம் போட்டிருக்கா.

ஜூலை 27, சனி

எடிட் முடிஞ்ச படத்தை ஜெபசிங் அனுப்பியிருந்தான். சண்டையாவது மண்ணாவதுன்னு இறக்கிட்டேன். அம்மை பக்கத்துல வந்து உக்காந்தா. கையெல்லாம் மாவு.

முதல் காட்சி. குடிவந்த பையன் கதவைத் தொறந்து, "யாரு நீங்க?"ன்னு கேக்கான். பேய்க்கு நாங்க எழுதியிருந்த பேரு பெரியநாயகி. அம்மை அன்னைக்குப் பதட்டத்துல தன் பேரையே சொல்லிட்டா. "நான் பரிபூரணம்." ஜெபசிங் கட் சொல்லல. அதையே வெச்சுக்கிட்டான், பேயோட பேரே பரிபூரணம்னு ஆயிட்டு.

அம்மை அந்த இடத்தைத் திரும்பப் போடச் சொன்னா. பொறவு இன்னொரு தடவ. "இது நானாட்டி?"ன்னா. பொறவு தனக்குத்தானே, "நல்லாத்தான் இருக்கேன் என்ன?"ன்னா.

நான் ஸ்கிரீனையே பாத்துக்கிட்டு இருந்தேன். பட்டுச்சேலை, பூ, பொட்டு. அப்பா இருக்கும்போது தைப்பூசத்துக்குக் கிளம்பி வாசல்ல நின்னுக்கிட்டு, வெரசா வாங்கன்னு கூப்பிடுவாளே, அந்த அம்மை. அவளைப் பாத்து நாலு வருஷம் ஆச்சு. அடுக்களைக்குள்ள போய் கிரைண்டரைப் போட்டுவிட்டுட்டு நல்லா அழுதேன். அந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்காது.

சாயங்காலம் ரெண்டு பேரும் மார்க்கெட்டுக்குப் போனோம். சமாதானபுரம் பக்கம் செவரு பூரா கண்ணீர் அஞ்சலி போஸ்டர். எங்க ஊருல ஒருத்தர் கண்ணை மூடினா பாடை கட்டுறதுக்கு முன்னாடி போஸ்டர் அடிச்சிருவாங்க. நடுவுல பெரிய முகம், கீழ பேரு, தோற்றம்னு பிறந்த தேதி, மறைவுன்னு செத்த தேதி, அதுக்கும் கீழ வருந்துவோர் பட்டியல். அம்மை ஒரு பொம்பளை போஸ்டர் முன்னால நின்னா. அறுபது வயசு இருக்கும் அந்தம்மாவுக்கு. நல்லா சிரிச்ச முகம்.

"பாத்தியாட்டி, உயிரோட இருந்தவரைக்கும் இவளை யாரு திரும்பிப் பாத்திருப்பா? செத்த பொறவு ராணி மாதிரி நிக்கா"ன்னா. சொல்லிட்டுக் கத்தரிக்காய் விலை கேக்கப் போயிட்டா.

நான் அங்கனயே நின்னுட்டேன். எனக்கு மண்டைக்குள்ள பல்பு எரிஞ்சுது.

ஜூலை 29, திங்கள்

போஸ்டர் முடிஞ்சுது! இதுதான்:

மேல கொட்டை எழுத்துல கண்ணீர் அஞ்சலி. ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு. நடுவுல அம்மை முகம், பூவும் பொட்டுமா, நேரா நம்மளைப் பாக்கா. கீழ 'பரிபூரணம்'. இடது பக்கம் தோற்றம், அம்மை தன் நிஜப் பிறந்த தேதியையே போடுன்னுட்டா. வலது பக்கம் மறைவு, ஒரு வெள்ளிக்கிழமையாப் பாத்துப் போட்டேன். அதுக்கும் கீழ செவப்புப் பட்டையில:

மீண்டும் வருகை: ஆகஸ்ட் 9, வெள்ளி, மாலை 4 மணி. கல்லூரிக் கலையரங்கம். கதவு தொறந்துதான் இருக்கு.

மேடம் பாத்தாங்க. கண்ணாடியைத் தூக்கிவிடவே இல்லை. "எனக்கு முதுகு சில்லுன்னு ஆயிட்டு"ன்னாங்க. பொறவு, "நிஜம்னு நெனைச்சிரப் போறாங்க, செவப்புப் பட்டையைப் பெருசா போடு"ன்னாங்க. எவன் மேடம் நம்புவான், மீண்டும் வருகைன்னு எழுதியிருக்கேன்லான்னு சொன்னேன். ஆனாலும் பெருசாக்கினேன்.

அம்மைகிட்ட காட்டப் பயமாத்தான் இருந்துச்சு. மாவுச் சட்டி எங்க இருக்குன்னு முதல்ல பாத்துக்கிட்டேன். அவ நிறைய நேரம் பாத்தா. "முகம் சின்னதா இருக்கே. இன்னும் கொஞ்சம் பெருசாக்கு."

"மாமா பாத்தா?"

"அண்ணன் ஆடி அமாவாசைக்குக் குடும்பத்தோட சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போயிருவான். காட்டுக்குள்ள டென்ட் அடிச்சுக் கிடந்துட்டு நாலஞ்சு நாள் கழிச்சு வருவான். அப்புறம் அவன் இந்தப் பக்கம் எதுக்கு வாரான்?"

அதையும் சாதாரணமாத்தான் சொன்னா. அப்பா போன பொறவு மாமா ரெண்டு தடவதான் வந்திருக்காங்க. பொங்கலுக்குப் பொறந்த வீட்டுல இருந்து வர்ற பொங்கப்படி நின்னுபோச்சு, தீபாவளிக்கு எடுக்கிற சேலையும் நின்னுபோச்சு. அம்மை இதைப் பத்தி வாயே தொறந்தது கிடையாது. நானும் கேட்டது கிடையாது.

ஆகஸ்ட் 3, சனி

பிரிண்ட் வந்துட்டு. மைதாப் பசை அம்மைதான் காய்ச்சித் தந்தா. தன் கண்ணீர் அஞ்சலிக்குத் தானே பசை காய்ச்சின ஆளு உலகத்துலயே எங்கம்மை ஒருத்தியாத்தான் இருப்பா. "கட்டி தட்டாம கிண்டியிருக்கேன், நல்லா இழுத்துத் தேய்ச்சு ஒட்டுங்கடே"ன்னு ஜெபசிங்குக்கு வகுப்பு வேற எடுத்தா. மார்க்கெட், பஸ் ஸ்டாண்ட், காலேஜ் ரோடுன்னு ஒரு செவரு விடலை. என் பாவாடையில பசை ஒட்டி விறைச்சு நிக்கி.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆடி அமாவாசை. விரதம் இருக்கிறவங்க எல்லாம் சாயங்காலம் பலகாரம்தான் சாப்பிடுவாங்க, மாவு பறக்கும்னு ரெட்டிப்பா அரைச்சு வெச்சோம். ஈ கூட வரலை. பக்கத்து வீட்டுக்காரங்க மட்டும் வாங்கினாங்க. அடுத்த தெரு வாடிக்கை ஒண்ணு கூடக் காணோம். பூக்காரி, எங்கம்மையை வாசல்ல பாத்ததும் கூடையைத் தூக்கிக்கிட்டு ஓட்டமும் நடையுமா போயிட்டா. புதுசா எங்கயோ பாக்கெட் மாவுக் கடை போட்டுருப்பான்னு அம்மை சொன்னா. இருக்கும்.

ஆகஸ்ட் 5, திங்கள்

மாவு புளிச்சுப் போச்சு. மூணு வேளையும் ஊத்தப்பம்.

சனிக்கிழமை ராத்திரியில இருந்து ஜவுளிக் கடைக்காரங்க ஊர் பூரா ஆடித் தள்ளுபடி போஸ்டர் ஒட்டுதாங்களாம். எங்களது தப்பிச்சா சரி, கிளாஸ் இல்லாததால நான் வெளிய போய்ப் பாக்கலை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இதைச் சிரிச்சுக்கிட்டு எழுதணுமா அழுதுக்கிட்டு எழுதணுமான்னு தெரியல. வரிசையா எழுதுதேன்.

இன்னைக்கும் கிளாஸ் இல்லை. நான் வீட்டுல லேப்டாப்போட கிடந்தேன். அம்மை பின்கட்டுல கிரைண்டர் போட்டிருந்தா, போன் எங்கயோ அடிச்சு அடிச்சு ஓஞ்சிருக்கு, எனக்கும் கேக்கல. காலையில தலைக்கு ஊத்தியிருந்தா, முடியை விரிச்சுப் போட்டிருந்தா. ஃபிரிட்ஜ்ல வாங்கி வெச்ச பூவும் தலையில இருந்துச்சு, ஸ்டிக்கர் பொட்டும் நெத்தியில இருந்துச்சு. ரெண்டு மூணு நாளாவே வீட்டுக்குள்ள இப்படித்தான் இருக்கா. நான் கண்டுக்கலை. கேட்டா எடுத்துருவாளோன்னு கேக்கலை.

வாசல்ல வேன் வந்து நின்னுச்சு. அடுத்த நிமிஷம் அத்தையோட சத்தம் தெருவைத் தூக்குது. "ஏ தாயி! ஏ பரிபூரணம்! எங்களை விட்டுட்டுப் போயிட்டியே!" மாமா, அத்தை, மாமா பிள்ளைங்க, யாரு யாரோ. கோயில்ல இருந்து நேரா வந்திருக்காங்க, வேன் மேல அண்டாவும் குண்டாவும் டென்ட் துணியும் அப்படியே இருக்கு. மாமா கையில ரோசாப்பூ மாலை. கக்கத்துல ஒரு துணிக்கடைப் பை. அத்தை என்னைக் கட்டிப்பிடிச்சு, "உன்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டாளே"ன்னு மாரடிச்சு அழுதா. எனக்கு வாய் தொறக்கவே இடம் குடுக்கல.

சத்தம் கேட்டு அம்மை பின்கட்டுல இருந்து வந்தா. விரிச்ச முடி, பூ, பொட்டு, முழங்கை வரைக்கும் வெள்ளை வெளேர்னு மாவு. கதவுல நின்னு, "யாரு மைனி செத்தா?"ன்னு கேட்டா.

அத்தை போட்ட அலறல் இருக்கே! எங்க படத்துல ஒரு ஷாட்ல கூட அப்படி ஒரு பயம் கிடையாது. என்னைத் தள்ளிவிட்டுட்டு வேனைப் பாத்து ஓடினா. பிள்ளைங்க அவளுக்கு முன்னாடி ஓடுதுங்க. டிரைவர் வேனை எடுத்தே எடுத்துட்டான். மாமா மட்டும் ஓடலை. அப்படியே வாசப்படியில உக்காந்துட்டாங்க. மாலை மடியில கிடக்கு.

அம்மை பக்கத்துல போய்த் தோளைத் தொட்டா. சட்டையில மாவு ஒட்டுச்சு. "அண்ணே, நான்தான்ணே. உயிரோடதான் இருக்கேன்."

மாமா அவ கையைப் பிடிச்சுக்கிட்டு, பிடிச்சுக்கிட்டே இருந்தாங்க. பொறவு அந்தக் கையில முகத்தை வெச்சுக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதாங்க. நான் மாமா அழுது பாத்ததே இல்லை.

நடந்தது இதுதான். காட்டுக்குள்ள யாரு போனுக்கும் சிக்னல் கிடையாது. இன்னைக்கு அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்துல வந்ததும் எல்லார் போனும் ஒண்ணா அலறியிருக்கு. சொந்தக்காரர் ஒருத்தர் பஸ்ல போகும்போது போஸ்டரைப் பாத்துப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்காரு. அந்தப் போட்டோவை எனக்குக் காட்டினாங்க. மேல கண்ணீர் அஞ்சலி, அம்மை முகம், பேரு, தோற்றம், மறைவு. செவப்புப் பட்டையைக் காணோம். அந்த இடத்துல நேர்த்தியா, வெட்டி ஒட்டின மாதிரி, 'ஆடித் தள்ளுபடி, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்'.

தெருவுக்குத் தெரு அப்படித்தான் கிடந்திருக்கு. செத்தவ வீட்டு மாவை எவன் வாங்குவான்?

தெருமுனையில நின்ன வேன்ல இருந்து அத்தையைச் சமாதானம் பண்ணி இறக்கி, தண்ணி குடுத்து, படத்தைப் பத்தி நான் எல்லாத்தையும் சொன்னேன். போஸ்டர் என் வேலைன்னும் சொன்னேன். மாமா முகம் கொஞ்சம் கொஞ்சமா மாறுச்சு. உயிரோட இருக்காங்கிற நிம்மதி போய், நெத்தியைப் பாக்க ஆரம்பிச்சாங்க.

"என்னம்மா இது கோலம்?"

அம்மை கை தானா நெத்திக்குப் போச்சு. நான் நெனைச்சேன், எடுத்துருவா, எல்லாம் முடிஞ்சுதுன்னு. அவ விரல் பொட்டுகிட்ட போய் நின்னுச்சு. பொறவு கீழ இறங்கி, மாமா கக்கத்துல இருந்த பையைக் காட்டுச்சு.

"அது என்னண்ணே?"

மாமா பையைப் பின்னால இழுத்தாங்க. "அது ஒண்ணும் இல்லை."

"கோடிச் சேலையா?"

பொம்பளை செத்தா பொறந்த வீட்டுல இருந்து அண்ணன் தம்பி கோடி எடுத்துட்டு வந்து பிணத்து மேல போத்தணும். அதுதான் முறை. தங்களுக்காகப் பிணத்தை வெச்சிருப்பாங்கன்னு நம்பி மாமா வர்ற வழியில எடுத்திருக்காங்க.

"எங்க, காட்டு."

"வேண்டாம்மா. அபசகுனம். ஆத்துல விட்டுருதேன்."

அம்மை கையைச் சேலையில துடைச்சுக்கிட்டு அவளே பையை வாங்கிப் பிரிச்சா. மாம்பழ மஞ்சள்ல பட்டு, அரக்குக் கரை. எனக்கே கண்ணு விரிஞ்சு போச்சு. அவ்வளவு அழகான சேலை.

"உயிரோட இருக்கிற தங்கச்சிக்கு நீ சேலை எடுத்து நாலு வருஷம் ஆச்சுண்ணே. இப்ப என்னைப் போஸ்டர்ல பாத்த பொறவுதான் எடுத்திருக்க. பரவாயில்ல, எனக்குன்னு எடுத்ததுதானே. நான் கட்டிக்கிடுதேன்." குரல் ஒசரவே இல்லை. மாவு விலை சொல்ற மாதிரிதான் சொன்னா. "வெள்ளிக்கிழமை இதைக் கட்டிக்கிட்டு, பொட்டு வெச்சுக்கிட்டு, எம் படத்தைப் பாக்கப் போறேன். உனக்கு இஷ்டம்னா வா. இஷ்டம் இல்லைன்னா எனக்கு வருத்தம்தான், ஆனா நான் போவேன்."

மாமா தலையைத் தொங்கப்போட்டுக்கிட்டு இருந்தாங்க. அத்தைதான் முதல்ல வாயைத் தொறந்தா. மூக்கைச் சிந்திட்டு, "கட்டுனா கட்டட்டுமே. இவங்க கடையில நின்னு எடுக்கும்போதே நான் நெனைச்சேன், இந்த மஞ்சள் அவளுக்குத்தான் எடுப்பா இருக்கும்னு. போத்தி எரிக்கதுக்கா இவ்வளவு நல்ல சேலைன்னு வயிறு எரிஞ்சுது"ன்னா. சொல்லிட்டு அவளே மறுபடியும் அழுதா.

மாமா எந்திரிச்சாங்க. செருப்பைப் போட்டுக்கிட்டு வெளிய போயிட்டாங்க. சரி, அவ்வளவுதான் சொந்தம்னு நெனைச்சுக்கிட்டேன். மனசு கேக்காம பின்னாலயே போனேன். தெருமுனையில செவத்துல அம்மை போஸ்டர். மாமா அதுக்கு முன்னால இடுப்புல கையை வெச்சு நின்னாங்க. வெயில்னா வெயில் அப்படி ஒரு வெயில். திடீர்னு கையை நீட்டி அந்தத் தள்ளுபடி போஸ்டரோட ஓரத்தை நகத்தால பேக்க ஆரம்பிச்சாங்க.

"பாத்துக்கிட்டு நிக்க! போய் ஒரு வாளித் தண்ணி கொண்டா"ன்னு என்னைப் பாத்துக் கத்தினாங்க. "எம் தங்கச்சி செத்துப்போனான்னு ஊரு பூரா கிடக்கு. எத்தனை எடத்துலட்டி ஒட்டித் தொலைச்சீங்க?"

சாயங்காலம் வரைக்கும் வேன்ல போய்ச் செவரு செவரா நனைச்சு உரிச்சோம். மாமா பிள்ளைங்க, ஜெபசிங், நான், மாமா. செவப்புப் பட்டை ஒவ்வொரு இடமா வெளிய வந்துச்சு. அம்மையோட பசை நல்ல கெட்டி, எங்க போஸ்டர் ஒண்ணு கூடக் கிழியல.

ஆகஸ்ட் 7, புதன்

காலையிலேயே மாவுக்கு வரிசை. பாதிப்பேரு மாவு வாங்க வரலை, அம்மைக்குக் கால் தரையில படுதான்னு பாக்க வந்தாங்க. வந்தவங்க வெறுங்கையோட போக வெக்கப்பட்டு ஆளுக்கு ஒரு பாக்கெட் வாங்கினாங்க. பூக்காரி ரெண்டு முழம் சும்மா குடுத்தா.

ஆகஸ்ட் 9, வெள்ளி

கலையரங்கத்துல நிக்க இடம் இல்லை. பொற்கொடி மேடமே படிக்கட்டுலதான் உக்காந்தாங்க. முதல் வரிசையில மஞ்சள் பட்டுல அம்மை, ஒரு பக்கம் அத்தை, ஒரு பக்கம் மாமா. மாமா நல்ல வேட்டி கட்டி, யாரு வீட்டுக் கல்யாணத்துக்கோ வந்த மாதிரி விறைப்பா உக்காந்திருந்தாங்க.

விளக்கு அணைஞ்சுது. கதவு தொறந்துச்சு. "யாரு நீங்க?" "நான் பரிபூரணம்." அத்தை, பக்கத்துலயே உயிரோட உக்காந்திருக்க அம்மை கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா.

நான் படம் பாக்கலை. ஓரத்துல நின்னு மாமாவைத்தான் பாத்தேன். கடைசியில பேய் செடிக்குத் தண்ணி ஊத்திட்டுத் திரும்பிப் பாத்து ஒரு சிரிப்பு சிரிக்கும். மாமா வேட்டி நுனியால கண்ணைத் துடைச்சாங்க. பொறவு பின்னால திரும்பி, முன்னப்பின்ன தெரியாத ஒரு பையன்கிட்ட, "எம் தங்கச்சி"ன்னாங்க. அவன் தலையாட்டினான். அவனுக்கு அடுத்து இருந்தவன்கிட்டயும் சொன்னாங்க.

ரெண்டாம் பரிசு. ஜெபசிங் அம்மையை மேடைக்கு இழுத்துட்டுப் போனான். மைக்கைக் குடுத்ததும் அவ, "எல்லாரும் சாப்பிட்டீங்களா?"ன்னு கேட்டுட்டு இறங்கிட்டா.

எனக்கு இவ்வளவு சந்தோஷம் இந்த நாலு வருஷத்துல வந்தது இல்லை. அதை எழுதி வெச்சுக்கிடுதேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ரெண்டாம் வருஷப் பிள்ளைங்க மூணு பேரு வந்தாங்க. வாசல்லயே நெளிஞ்சாங்க. ஒருத்தி துணிஞ்சு, "அம்மா, நாங்களும் ஒரு படம் எடுக்கோம். நீங்க நடிக்கணும்"னா.

அம்மை பாக்கெட்டுக்கு ரப்பர் பேண்ட் போட்டுக்கிட்டே, "என்ன வேஷம்?"னு கேட்டா.

"ஒரு அம்மா வேஷம். முதல் காட்சியிலயே ஆக்சிடென்ட்ல..."

"சாகாத வேஷம் இருந்தா உள்ள வந்து உக்காருங்க"ன்னா எங்கம்மை. "இல்லைன்னா மாவு வாங்கிட்டுக் கிளம்புங்க."

பிள்ளைங்க மூணும் ஒண்ணையொண்ணு பாத்துக்கிட்டு, செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்துச்சுங்க. உள்ள உக்காந்துதான் கதையை மாத்திக்கிட்டு இருக்காங்க இப்ப.